‘உங்கட விருப்பம்’ என்று சொன்னவர்

கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வரும் வியாபாரி, அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்ததும் முதலில் நிறுத்துவது எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் படலை வாசலில்தான். ஹோர்ன் அடிக்கத் தேவையில்லை. அவர் ஏற்கெனவே சட்டியோடு நின்றுகொண்டிருப்பார்.

“பாரை இருக்கு, சூரை இருக்கு. எது போட ஐயா?”

“உங்கட விருப்பம் தம்பி.”

வியாபாரி ஆரம்பத்தில் இந்தப் பதிலை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். ஐஸ் கரைந்து கண் மங்கின மீன், வேறெவரும் தொடாத வால்பக்கம் எல்லாம் அந்தச் சட்டிக்குள்தான் விழும். அவர் குனிந்துகூடப் பார்க்காமல் “சரி தம்பி” என்று வாங்கிக்கொண்டு உள்ளே போவார். சில மாதங்கள் இப்படிப் போனபிறகு ஒருநாள் காலையில் வியாபாரி என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “மிஸ், மத்தாக்கள் நல்ல மீனைக் குடுத்தாலும் நூறு குறை சொல்றாங்க. இந்த மனிசன் என்னத்தைக் குடுத்தாலும் வாங்கிட்டுப் போறாரு. அவர்ட முகத்தைப் பாக்க ஏலாம இருக்கு.” அன்றுமுதல் பெட்டியிலிருந்த முதல்தர மீன் அவருக்குத்தான். எங்களுக்கெல்லாம் அதற்கு அடுத்தது. இந்த மாற்றத்தை அவர் கவனித்தாரா என்பது எனக்குத் தெரியாது. கவனித்திருந்தாலும் அதே “சரி தம்பி”தான்.

நான் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவள். கலியாணம் முடித்து அந்த ஒழுங்கைக்கு வந்த நாளிலிருந்து அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவரை மாமா என்றும் அவருடைய மனைவியை மாமி என்றும் கூப்பிட்டேன். ஒல்லியான, உயரமான மனிதர். யாரோடும் சேர்ந்து நடந்தால் அரை அடி பின்னால்தான் நடப்பார். மற்றவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம் தானும் திரும்புவதற்கு அது வசதி. தலைமயிர் வெட்டப் போனால், கடைக்காரரின் அன்றைய மனநிலையைப் பொறுத்து மீசையோடு வருவார், அல்லது மீசையில்லாமல் வருவார்.

துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துவந்து கட்டும் படகொன்றில் அவர் சமையல்காரராக வேலை செய்தவர். முப்பது வருடத்துக்குமேல். ஓய்வுபெற்ற பிறகும் எங்கள் வீடுகளில் விசேஷம் என்றால் வந்து நின்று சமைத்துத் தருவார். உறைப்புக் குறைவாக வேண்டுமா, தேங்காய்ப்பால் கூட விடவா என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். யாருக்கு என்ன பிடிக்கும் என்பதை ஒருதரம் கேட்டால் மறக்கமாட்டார். ஆனால் சமைத்ததை வாயில் வைத்துப் பார்த்ததை நான் கண்டதில்லை. மணத்தை வைத்தே உப்பைக் கண்டுபிடிப்பார். ஒருமுறை அதைப் பற்றிக் கேட்டேன்.

“படகில ஒம்பது பேர் பிள்ளை. ஒம்பது நாக்கு. பத்தாவதா என்ர நாக்கும் வந்து நிண்டால் சமைக்க ஏலாது.”

அவரை நல்லவர் என்றுதான் எல்லோரும் சொன்னோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாமி ஒருநாள் அடுப்பு மூட்டாமல் இருக்கும்வரை.

அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை. பத்து மணிபோல மாமி எங்கள் குசினிக்குள் வந்து கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “இண்டைக்கு நான் சமைக்கப்போறதில்லை. என்ன வேணும் எண்டு இந்த மனிசன் வாயைத் திறந்து சொல்லட்டும். சோறெண்டாலும் சரி, பாணெண்டாலும் சரி. ஒண்டைச் சொல்லட்டும்.”

மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் விறாந்தையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தாராம். இரண்டு மணிக்குப் போனபோது தண்ணீர் குடித்துவிட்டு அதே இடத்தில் இருந்தாராம். நாலு மணிக்கு மாமியால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்ப் புட்டு அவித்தார். சட்டியைக் கொண்டு திரும்பவும் எங்கள் வீட்டுக்கு வந்து, எனக்கும் ஒரு கோப்பையில் போட்டுத் தந்து, சாப்பிட்டுக்கொண்டே அழுதார்.

“கேட் நிறம் பிழைச்சாலும் நான்தான். பெடியன்ர பள்ளிக்கூடம் பிழைச்சாலும் நான்தான். மகளுக்குப் பாத்த இடம் சரியில்லையெண்டு நாளைக்கு ஒரு கதை வந்தால் அதுவும் நான்தான். அந்த மனிசன் ஒண்டிலயும் பிழைவிடேல்லை பிள்ளை. ஒண்டையும் செய்தால்தானே பிழைவிடுறதுக்கு.”

அதற்குப்பிறகு அவருடைய “உங்கட விருப்பம்” என் காதில் வேறுமாதிரி விழத் தொடங்கியது. அதில் பணிவு இருந்தது. ஆனால் பாரம் முழுவதும் கேட்டவரின் தலையில் இறங்கியது.

பிறகு மாமி இறந்துபோனார். மகள் கனடாவில், மகன் கொழும்பில். இருவரும் செத்தவீட்டுக்கு வந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை நின்றார்கள். தங்களோடு வரச்சொல்லி இரண்டு பேரும் கேட்டார்கள். “உங்கட விருப்பம்” என்று இரண்டு பேருக்கும் சொன்னார். அப்பாவுக்குச் சொந்த வீட்டை விட்டு வர மனமில்லை, வாய்விட்டுச் சொல்லாமல் எங்கள் விருப்பம் என்கிறார் என்று மகள் அதற்குப் பொருள் கண்டுபிடித்தாள். மகனும் ஒத்துக்கொண்டான். அது பிழையான பொருள் என்று சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை. லீவுக்கு வந்து நிற்க வீடு ஒன்று வேண்டும்தானே என்று மகள் தன் அறைக் கட்டிலுக்குத் துணி போட்டு மூடி, அறையைப் பூட்டித் திறப்பை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஐந்து வருடத்துக்குமேல் அவர் தனியாகச் சமாளித்தார். பிறகு ஒரே மாதத்துக்குள் இரண்டு காரியம் நடந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு இருந்த நாளொன்றில் தேத்தண்ணிக்காக விறாந்தையில் வைத்திருந்த கேஸ் அடுப்பை மூடாமல் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். மணம் வந்து நான்தான் ஓடிப்போய்ப் பூட்டினேன்.

அவரிடமிருந்தது பட்டன் போன். ஆகையால் பிள்ளைகள் என்னுடைய போனில்தான் முகம் பார்த்துக் கதைத்தார்கள். மகள் எல்லாவற்றையும் விசாரித்து முடித்திருந்தாள். ஊர் எல்லையில், கிண்ணியாவுக்குப் போகும் வீதியில் ஒரு முதியோர் இல்லம். சுத்தமானது. மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகம் தெரியும். “அப்பா வாழ்க்கை முழுக்கப் பாத்த கடல், அவருக்குச் சந்தோசமா இருக்கும்” என்றாள். அவர் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, உங்களுக்குச் சம்மதம்தானே?”

“உங்கட விருப்பம் பிள்ளை.”

இல்லத்தின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் வேலை எனக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில், ‘விண்ணப்பதாரர் தமது சொந்த விருப்பத்தில் சேருகிறாரா? ஓம் / இல்லை’ என்று ஒரு வரி இருந்தது. அதை வாசித்துக் காட்டினேன். அவர் வழக்கமான பதிலைச் சொன்னார். நான் ஓம் என்பதற்குமேல் ஒரு சரி போட்டேன். இருபத்தாறு வருடம் படிவம் நிரப்பிய கை அது.

மகன் கொழும்பிலிருந்து வந்தான். மூன்று பேருமாக ஒரு வானில் போனோம். இல்லத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. எல்லோரும் மிஸ்ஸி என்றே கூப்பிட்டார்கள். குள்ளமான, அவசரமில்லாத மனுஷி. படிவத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

“ஐயா, இதில நீங்கள் விரும்பித்தான் வாறீங்கள் எண்டு சரி போட்டிருக்கு. நீங்களோ போட்டனீங்கள்?”

அவர் என்னைப் பார்த்தார்.

“நான்தான் போட்டனான் மிஸ்ஸி. அவரிட்டக் கேட்டுத்தான்.”

“என்ன சொன்னவர்?”

“உங்கட விருப்பம் எண்டு.”

“அப்ப இது உங்கட விருப்பம்.” மிஸ்ஸி படிவத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். குரலில் கோபம் இல்லை. “ரெண்டு கிழமை ஐயா இஞ்ச இருந்து பாக்கட்டும். பிறகு என்னட்டச் சொல்லட்டும். அதுவரைக்கும் வீட்டில இருந்து ஒரு சாமானும் அசைக்கக் கூடாது.”

மகனுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டை வாடகைக்குக் கேட்ட ஒரு குடும்பத்துக்கு முதலாம் தேதியே வரச்சொல்லி வாக்குக் கொடுத்திருந்தான். “மிஸ்ஸி, அவர் எப்பவும் இப்பிடித்தான். கேட்டால் இதைத்தான் சொல்லுவார். அதுக்குப் பிறகு எங்க விட்டாலும் சந்தோசமா இருப்பார்.”

“சந்தோசமா இருக்கிறார் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் தம்பி?”

மகன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அந்தப் பதினாலு நாளுக்குள் நான் மூன்று தடவை போய்ப் பார்த்தேன். முதல்தரம் அவர் மாடியில், துறைமுகம் தெரிகிற யன்னல் கட்டிலில் இருந்தார். இரண்டாம்தரம் சுவரோரக் கட்டிலில். வேறொருவர் யன்னல் பக்கம் கேட்டாராம், மாறிக்கொடுத்துவிட்டாராம். நான் கொண்டுபோய்க் கொடுத்த போர்வையையும் அந்த ஆளின் காலடியில் கண்டேன். மிஸ்ஸி என்னை வாசல்வரை வந்து அனுப்பும்போது சொன்னார்: “இருக்கிற ஆக்களுக்குள்ள இவரோடதான் எனக்குக் கஷ்டம். மற்றவை சண்டை பிடிப்பினம், நான் சமாளிச்சிடுவன்.”

மூன்றாம்தரம் போனபோது அவர் என்னைக் கண்டதும் எழும்பி வந்தார்.

“அந்த மிஸ்ஸி பெரிய கரைச்சல் பிள்ளை. முகம் கழுவ முன்னம் வந்து கேக்கிறா, தேத்தண்ணி இப்பவோ பிறகோ எண்டு. உங்கட விருப்பம் எண்டால் போகமாட்டன் எண்டுறா. தேத்தண்ணியைக் கையில வச்சுக்கொண்டு நிக்கிறா. ஆறிப்போகுது. நான் என்ன செய்யிறது?”

“என்ன செய்தனீங்கள்?”

“இப்ப தாங்கோ எண்டன். வேறென்ன.”

அவர் ஒருவரைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தரம். வீடு வரும்வரை எனக்குச் சிரிப்பாக இருந்தது.

இரண்டு கிழமை முடிந்த சனிக்கிழமை மிஸ்ஸியின் அறையில் எல்லோரும் இருந்தோம். மகன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். மகளின் முகம் என்னுடைய போனில், மேசையில் தண்ணீர்ப் போத்தலோடு சாய்த்து வைத்திருந்தது. மிஸ்ஸி நேரே விஷயத்துக்கு வந்தார்.

“ஐயா, மூண்டு வழி இருக்கு. இஞ்ச இருக்கலாம். மகனோட கொழும்புக்குப் போகலாம். இல்லாட்டி வீட்டுக்குப் போய், உதவிக்கு ஒரு ஆளை வச்சுக்கொண்டு இருக்கலாம். எதெண்டாலும் பிள்ளையள் செய்து தருவினம் எண்டு என்னட்டச் சொல்லியிருக்கினம். நீங்கள் சொல்லுங்கோ.”

“உங்கட விருப்பம் மிஸ்ஸி.”

“எனக்கு இதில விருப்பம் ஒண்டும் இல்லை ஐயா. இண்டைக்குச் சொல்லாட்டி நாளைக்குக் கேப்பன்.”

மகன் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினான். மேசையில் இருந்த போனிலிருந்து மகளின் குரல் வந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

“அப்பா, பிள்ளையள் கொண்டுபோய்த் தள்ளிப்போட்டுதுகள் எண்டு நாளைக்கு ஊர் சொல்லும். ஊர் சொன்னால் சொல்லட்டும். எனக்கே அப்பிடித் தெரியக் கூடாதப்பா. ஒருக்கா உங்கட வாயால சொல்லுங்கோ. வீட்ட போகப்போறன் எண்டால் சொல்லுங்கோ. நான் ஒழுங்கு செய்யிறன்.”

அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையின் ஓரத்தைப் பெருவிரலால் தேய்த்தார். நாங்கள் எல்லோரும் வீடு என்ற சொல்லுக்காகக் காத்திருந்தோம். இரண்டு கிழமையாக அவர் அதைத்தான் மனதுக்குள் வைத்திருக்கிறார் என்று நானும் நம்பியிருந்தேன்.

“வீடு வேண்டாம்” என்றார்.

மகன் நிமிர்ந்து பார்த்தான்.

“அம்மா போன பிறகு எனக்கு அந்த வீட்டில இருக்க ஏலாமக் கிடந்தது. குசினிக்குள்ள போக ஏலாது. பாணும் சம்பலும் கடையில வாங்கி விறாந்தையில வச்சுத்தான் சாப்பிட்டனான்.”

“ஆறு வருசமோ அப்பா?” மகளின் குரல் மாறியிருந்தது.

“ஓம்.”

“ஏனப்பா சொல்லேல்லை?”

“லீவுக்கு வந்து நிக்க வீடு வேணும் எண்டனி. திறப்பைத் தந்திட்டுப் போனனி.”

சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு வருடம் இருந்தவள் நான். வியாபாரியிடம் அவர் நல்ல மீன் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். அந்த மீன் என்னவாயிற்று என்று யோசித்ததில்லை. பிறகு விசாரித்ததில், ஒழுங்கை முனையில் இருந்த கைம்பெண் ஒருத்தியின் வீட்டுக்கு அது தினமும் போயிருக்கிறது.

மிஸ்ஸி மட்டும் ஆச்சரியப்படவில்லை. “அப்ப எங்க இருக்க விருப்பம் ஐயா?”

மிஸ்ஸி கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

“தங்கச்சியோட. மூதூரில.”

அவருக்கு ஒரு தங்கை இருப்பதை நான் மாமி சொல்லிக் கேட்டிருந்தேன். மகள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியவீட்டில் யார் முதலில் ஆராத்தி எடுப்பது என்று தொடங்கிய சண்டை. மாமி அந்தத் தொடர்பை வெட்டிவிட்டார். இனிப் போகக் கூடாது என்று மாமி சொன்னார், அவர் போகவில்லை. முப்பது வருடத்துக்குக் கிட்ட. மாமியின் செத்தவீட்டுக்குத் தங்கை வந்து, பின்வரிசையில் நின்றுவிட்டுப் போனதை அவர் மட்டும்தான் கண்டிருக்கிறார்.

அடுத்தநாள் காலையிலேயே புறப்பட்டோம். அவர் தானே முகம் மழித்து, மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேட்டைப் போட்டிருந்தார். வான் கிண்ணியா கடைத்தெருவுக்குள் வந்ததும் சாரதியின் தோளைத் தொட்டார்.

“தம்பி, இதில ஒருக்கா நிப்பாட்டும். மஸ்கட் வாங்கவேணும். அவளுக்கு அது விருப்பம்.”

நெய் மணக்கிற அந்த இனிப்புப் பொட்டலத்தை மூதூர் வரும்வரை மடியில் வைத்திருந்தார்.

தங்கைக்கு எழுபத்து மூன்று வயது. மகனோடும் மருமகளோடும் இருந்தார். அண்ணனைப் போலவே ஒல்லி, ஆனால் குரல் வீதிவரை கேட்கும். “வாங்கோ அண்ணை” என்றார், போன கிழமை வந்துபோனவரைக் கூப்பிடுவதுபோல. பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, “அதே கடையோ?” என்று கேட்டார். “ஓம்” என்றார் அவர். தேத்தண்ணி வந்தது. பழைய ஆட்களைப் பற்றிக் கதைத்தார்கள். முக்கால்வாசிப் பேர் செத்துப்போயிருந்தார்கள். கடைசியில் எங்களோடு வந்திருந்த மகன் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைத் தொடங்கினான்.

“நீ இரு மேனே” என்று தங்கை மறித்தார். “அண்ணை சொல்லட்டும்.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நான் உன்னோட வந்து இருக்கட்டோ?”

அவ்வளவுதான். நான் அறிந்த காலத்தில் அவர் தனக்கென்று கேட்ட மிகப் பெரிய கேள்வி அது. குசினி வாசலில் மருமகள் நின்றாள். தங்கை அவளைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

“ஏலாது அண்ணை.”

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தங்கை கையைக் காட்டினார். “இடம் இல்லைதான். எனக்கே இந்த நடு அறைக்குள்ள ஒரு கட்டில். ஆனா அதுக்காகச் சொல்லேல்லை. என்ர பிள்ளையைக் கேட்டால் அது ஒழுங்குபண்ணும். நான்தான் ஏலாது எண்டுறன். எனக்கும் வயசு போச்சு. காலமை எழும்பி, அண்ணை சாப்பிட்டாரோ, அண்ணை குளிச்சாரோ எண்டு யோசிக்க என்ர உடம்பில இனி இடமில்லை. நீங்கள் ஒண்டும் கேக்கமாட்டியள். அதாலதான் கூட யோசிக்கவேணும். என்னோட கோவிக்காதேங்கோ.”

அவருடைய முகத்தில் நான் எதையோ தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. சிறிதுநேரம் முற்றத்தில் மேய்ந்த கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பையை எடுத்து நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி இருந்தால் தாவன்.”

திரும்பி வரும்போது மகன் முன்னால் உட்கார்ந்து நித்திரையாகிவிட்டான். பின்சீட்டில் நானும் அவரும். எனக்கு அந்தச் சரி போட்ட கை உறுத்திக்கொண்டிருந்தது.

“மாமா, நாங்கள் உங்களிட்டச் சரியாக் கேக்கேல்லை என்ன?”

“கேட்டனீங்கள்தானே. நான்தான் சொல்லேல்லை.” கிண்ணியாப் பாலத்தில் வான் ஏறியது. கீழே தோணிகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. “இப்ப ஒருக்காச் சொல்லிப் பாத்தன். சரிவரேல்லை.”

அதில் முறைப்பாடு இருந்ததா, கிண்டல் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இல்லத்துக்கு வந்து இறங்கியதும் அவர் எங்களுக்காக நிற்காமல் மிஸ்ஸியின் அறைக்குள் போனார். நாங்கள் பின்னால் போனோம்.

“நான் இஞ்ச இருக்கிறன் மிஸ்ஸி.”

“வேற இடம் கிடைக்கேல்லை எண்டோ?”

“அதுவும்தான்.”

“வேற?”

அவர் யோசித்தார். “சோறு சுடச்சுட வருது. ஆக்கள் இருக்கினம். நீங்கள் கரைச்சல் குடுக்கிறீங்கள், அதைப் பொறுக்கலாம். மாடி வேண்டாம். கீழ ஒரு கட்டில் தாங்கோ. கடலை முப்பது வருசம் பாத்தாச்சு.”

மிஸ்ஸி புதிய படிவம் ஒன்றை எடுத்துப் பேனையோடு அவர் முன்னால் வைத்தார். முறிந்து பொருந்திய கை இன்னும் சரியாக வளையவில்லை. அவர் போட்ட சரி கோணலாகி, ‘ஓம்’ என்ற சொல்லையே மறைத்துவிட்டது. மிஸ்ஸி அதைத் திருத்தவில்லை.

அதற்குப்பிறகு அவர் வேறு மனிதராகிவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பெரும்பாலான விஷயங்களில் கடைசிவரை ‘உங்கட விருப்பம்’தான். தொலைக்காட்சியில் என்ன பார்ப்பது, முடியை எவ்வளவு வெட்டுவது, எந்த நாள் கோயிலுக்குப் போவது எல்லாம் மற்றவர்களின் பொறுப்பு. ஆனால் இல்லத்தில் புதிதாக யாராவது கொண்டுவந்து விடப்பட்டால், அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேட்டுத் தெரிந்துவந்து சமையல்காரியிடம் சொல்வார். அதை அவர் பழைய தொழிலின் பழக்கமாகச் செய்தார் என்றுதான் நினைக்கிறேன். மகள் ஒருதரம் லீவில் வந்து, கீழ்மாடியில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கிழமை பகல் முழுக்க இருந்துவிட்டுப் போனாள். வீட்டில் வாடகைக்கு ஆட்கள் இருந்தார்கள். திறப்பைப் பற்றி அவள் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, தங்கையின் மகனுக்கு அம்பாறைக்கு மாற்றம் வந்தது. குடும்பமாகப் போகவேண்டும், அம்மாவை எங்கே விடுவது என்று அவன் இந்த இல்லத்துக்கு விசாரிக்க வந்தான். மிஸ்ஸி முதலில் அவரிடம்தான் சொன்னார். தங்கை வந்தால் நல்லதுதானே ஐயா, என்ன சொல்லுறீங்கள் என்று கேட்டாராம்.

“எனக்கு அவள் வந்தால் சந்தோசம்” என்றாராம் அவர். “நீங்கள் அவளிட்டக் கேளுங்கோ.”

தங்கை இடம்பார்க்க வந்த நாளில் நானும் போயிருந்தேன். அவர் காலையிலிருந்தே வாசல் கதிரையில் இருந்தார். மிஸ்ஸி தங்கையைப் பெண்கள் பகுதி முழுவதும் சுற்றிக் காட்டினார். கட்டில், அலுமாரி, குளியலறை, குசினி. எல்லாவற்றையும் தங்கை கவனமாகப் பார்த்தார். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்றுகூடப் பார்த்தார். பிறகு மகன் இருக்கும்போதே மிஸ்ஸியிடம் சொன்னார்: “நல்ல இடம். ஆனா நான் வரேல்லை. மூதூரில பக்கத்து வீட்டுப் பிள்ளை ராத்திரிக்கு வந்து படுக்கிறன் எண்டு சொல்லுது. ஏலுமட்டும் அங்க இருந்து பாக்கிறன். ஏலாமல் போனால் நானே வாறன்.”

மகன் மிஸ்ஸியோடு கதைத்துக்கொண்டு பின்னால் நின்றான். அண்ணனும் தங்கையும் வீதிக்கு வந்து மூதூர் பஸ்ஸுக்காக நின்றார்கள். நான் சற்றுத் தள்ளி நின்றேன். வெயில் ஏறிவிட்டிருந்தது. அவர் தங்கைக்கு நிழல் விழும்படி நகர்ந்து நின்றார்.

“நீ வந்திருக்கலாம்.”

“ஓம் அண்ணை. வந்திருக்கலாம்.” தங்கை சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். “எனக்கு விருப்பமில்லை.”

அவர் தலையாட்டினார். பஸ் வந்தது. மகன் ஓடிவந்து தாயை ஏற்றினான். தங்கை யன்னல் சீட்டில் இருந்து கையைக் காட்டவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார், பஸ் வளைவில் திரும்பும்வரை.

நான் அவருக்குப் பக்கத்தில் போனேன். “மாமா, உள்ள போவமே? வெயில்.”

“நீ போ பிள்ளை. நான் கொஞ்சம் நிண்டிட்டு வாறன்.”

நான் போனேன்.